திங்கட்கிழமைத் தொட்டி

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையில் கேட்டைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தொட்டி சரியில்லை.

கழிவுநீர் நிலையம் என்றால் நாறத்தான் செய்யும் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். நன்றாக ஓடுகிற நிலையம் நாறாது. ஈர மண் மாதிரி ஒரு வாசம் வரும், அவ்வளவுதான். இன்று பச்சைச் சாக்கடை வாசம். காற்றுத் தொட்டியின் மேல் வெள்ளை நுரை. பழுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் சாம்பலாகக் கிடக்கிறது. வெளியே பரிட்டு வாய்க்காலுக்குப் போகிற கடைசித் தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரேதான்.

இருசப்பன் அண்ணன் கம்பித் தடுப்பில் சிக்கியிருந்த துணிகளை வாரிக்கொண்டிருந்தார். "சனிக்கிழம நல்லாத்தானே இருந்துச்சு மேடம்" என்றார். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆள் கிடையாது. எல்லாம் தானாக ஓடும். அந்த ஒரு நாளில் என்ன வந்தது இதற்கு?

ஜூலையில் காற்று ஊதும் புளோவர் பழுதாகி ஒரு வாரம் இந்தத் தாமான் குடியிருப்பே நாறியது. மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரிசெய்தாகிவிட்டது.

இந்த நேரத்திலா கெட வேண்டும்? புக்கிட் செராய் தோட்டத்து லயத்து வரிசைவீட்டு ஆட்களுக்காகக் கட்டிய வீடுகள் தாமானின் கிழக்குப் பக்கம் பூட்டிக் கிடக்கின்றன. பெயிண்ட் அடித்தாகிவிட்டது, கதவில் எண்கூட ஒட்டியாகிவிட்டது. கழிவுநீர் இணைப்பு மட்டும் பாக்கி. இருக்கிற வீடுகளின் கழிவையே சுத்தம் செய்ய முடியாத நிலையத்தோடு புது வீடுகளை எப்படி இணைப்பது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அக்டோபர் நடுவுக்குள் அடுத்தடுத்து மூன்று வாரத் தண்ணீர் மாதிரிகள் சோதனையில் தேறினால் தீபாவளிக்கு முன் சாவி. தேறாவிட்டால் அடுத்த வருடம், அதுவும் முதலிலிருந்து பேச்சுவார்த்தை.

அந்த வீடுகளில் ஒன்று இருசப்பன் அண்ணனுடையது.

13 ஆகஸ்ட்

இன்றும் கலங்கல். எரிச்சலாக வருகிறது.

16 ஆகஸ்ட், வெள்ளி

தொட்டி தேறி வருகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே தேறியது. ஏன் கெட்டது என்றும் தெரியாது, ஏன் தேறியது என்றும் தெரியாது. பிறகு நான் எதற்கு எஞ்சினியர்?

அம்மா கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். "என்ன பிள்ளை, இன்னும் அந்தக் கக்கூஸ் வேலைதானோ?" கல்யாண வீட்டில் யாரோ என்னைப் பற்றி விசாரித்தார்களாம். "தண்ணி இலாகா" என்று சொல்லிச் சமாளித்தாராம். பொய் இல்லை. தண்ணீர்தான், ஒரு தடவை பாவித்த தண்ணீர்.

அம்மாவுக்கு ஒரு நாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் ரோட்டுக்கு அடியில் ஒரே குழாயில் சேருகின்றன. குழாயைச் சற்றே சாய்த்துப் போட்டிருப்பதால் அது தானாக ஓடும். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மேன்ஹோல், அடைத்துக்கொண்டால் திறந்து பார்க்க. தாழ்வான மூலையில் ஒரு பம்ப் எல்லாவற்றையும் ஏற்றி எங்களிடம் அனுப்பும். வந்ததும் கம்பித் தடுப்பில் துணியும் பிளாஸ்டிக்கும் நின்றுவிடும். அடுத்த குழியில் மணல் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். இதுவரைக்கும் வெறும் வடிகட்டல்தான்.

உண்மையான வேலை காற்றுத் தொட்டியில். அங்கே எண்ணி முடியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அடியிலிருந்து புளோவர் காற்றை ஊத, அவை மூச்சு விட்டுக்கொண்டு நம் கழிவைத் தின்கின்றன. தின்று, பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புச் சேறாகின்றன. கடைசித் தொட்டியில் காற்று கிடையாது. சேறு அடியில் படிய, தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து பரிட்டுக்கும் அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கும் போகும். படிந்த சேற்றைத் திரும்பவும் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவோம், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு.

சொன்னால் அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். "சாப்பிடுற நேரத்தில என்ன கதை இது."

19 ஆகஸ்ட், திங்கள்

மறுபடியும் திங்கட்கிழமை. மறுபடியும் வெள்ளை நுரை.

மேலாளர் விஜேந்திரன் ஷா ஆலாம் ஏசி அறையில் இருந்துகொண்டே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "எண்ணெய்தான் பிரேமினி. சாப்பாட்டுக் கடைகளப் பாருங்க." தாமானில் பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றுதான், ஹஸீனா அக்காவின் நாசி கண்டார் கடை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பிரியாணி. ஞாயிறு பிரியாணி, திங்கள் நுரை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. மதியக் கூட்டம் என்றுகூடப் பார்க்காமல் நேரே போய், "எண்ணெய எல்லாம் குழாயிலதானே ஊத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "உள்ள வா தங்கச்சி."

பின்பக்கம் கூட்டிப்போய், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். என் வீட்டு சிங்க்கைவிடச் சுத்தம். "எங்க வாப்பா மதார் சாகிபு காலத்துல இருந்து கடை நடத்துறோம். பழைய எண்ணெய டின்னுல புடிச்சு வாங்குறவன்கிட்ட குடுத்துருவோம். உன் ஸ்டேசன் நாத்தத்துல என் கஸ்டமர்தான் ஓடுறான். நீ என்னயக் கேக்க வந்துட்டியா?"

தோற்றுவிட்டேன் என்று தெரிந்த பிறகாவது வாயை மூடியிருக்கலாம். "யாரோ என்னத்தையோ ஊத்துறாங்க லா! நீங்கதானே குடியிருப்பாளர் சங்கத் தலைவி? குழாயச் சுத்தமா வச்சுக்கச் சொல்லுங்க எல்லாரையும்!" என்று கத்திவிட்டு வந்தேன். கடை முழுக்க என்னையே பார்த்தது. காரில் ஏறிய பிறகுதான் பசித்தது.

23 ஆகஸ்ட், வெள்ளி

இருசப்பன் அண்ணனின் மோட்டார் சைக்கிள் பஞ்சர். என் காரில் கொண்டுபோய் விட்டேன். புது வீடுகள் பக்கம் வந்ததும், "ஒரு நிமிசம் நிறுத்துங்க மேடம்" என்றார். இறங்கிப் போய் ஒரு வீட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார்.

"அந்தா தெரியுது பாருங்க, கக்கூசு. வீட்டுக்குள்ளயே. கதவு போட்டு, தாப்பா போட்டு."

அவர் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். லயத்தில் கழிப்பறை பின்னால், வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. மழையில் வழுக்கும். போன வருடம் விழுந்து கை முறிந்ததாம். "அவளுக்கு வேற எதுவும் வேணாமாம் மேடம். இது ஒன்னு போதுமாம்."

"கெடச்சிரும் அண்ணே" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

26 ஆகஸ்ட், திங்கள்

இதுவரை வந்ததிலேயே மோசமான திங்கள். நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஆக்சிஜன் மீட்டரை இறக்கியபோது எண் ஏறிக்கொண்டே போனது, வழக்கத்தைவிட மூன்று மடங்கு. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை இறக்கினேன். அதுவும் அதையே காட்டியது. எண்ணெயோ வேறு கழிவோ அதிகமாக வந்திருந்தால் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும். தின்ன நிறைய இருந்தால் மூச்சும் நிறைய வாங்கும். இங்கே காற்று மிச்சம் கிடக்கிறது. ஏன்? மூச்சு விட ஆள் இல்லை.

பட்டினியும் இல்லை, அஜீரணமும் இல்லை. யாரோ விஷம் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும்.

வரும் ஞாயிறு நான் இங்கேதான். எவன் என்று பார்த்துவிடுகிறேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

எழுதித்தான் தீர வேண்டும்.

காலையில் பம்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொக்கியால் மேன்ஹோல் மூடியைத் தூக்கியதுமே நீச்சல் குளத்து வாசம். குளோரின்! வாசத்தைப் பிடித்துக்கொண்டே மேட்டுப் பக்கம் நடந்தேன். ஏதோ தொழிற்சாலை லோரி திருட்டுத்தனமாகக் கொட்டுகிறது, கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று போனைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

விளையாட்டுத் திடல் மூலையில் லோரி இல்லை. ஊர் கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங் துப்புரவு நடந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரி டீ-சட்டையும் ரப்பர் கையுறையுமாக ஒரு கூட்டம். ஒரு மேசையில் தே தாரேக் டீ, வடை. திறந்த மேன்ஹோலைச் சுற்றி நீல டிரம்கள். ஹஸீனா அக்கா கையைக் காட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு டிரம்மைச் சாய்த்துக் குழிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தவர் இருசப்பன் அண்ணன்.

என் இருசப்பன் அண்ணன்.

"வாங்க மேடம்!" என்றார், வாயெல்லாம் பல்.

"நீ கத்திட்டுப் போன நாள்லேருந்து டபுளா ஊத்துறோம்" என்றார் ஹஸீனா அக்கா. "உன் நாத்தத்தப் போக்கத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்தப் பாடு. இப்ப சந்தோசமா?"

என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. நிறுத்துங்க, கொல்றீங்க, எல்லாத்தையும் கொன்னுட்டீங்க... யாரைக் கொன்றோம் என்று புரியாமல் எல்லாரும் விழித்தார்கள். ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார், எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து. தொட்டியில் உள்ள கிருமிகள்தான் சுத்தம் செய்கின்றன, நீங்கள் ஊற்றுகிற மருந்து அவற்றைத்தான் கொல்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"கிருமியா சுத்தம் பண்ணுது?" என்று சிரித்தார் ஒருவர். இருசப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப... எங்க வீடு?" என்று மட்டும் கேட்டார். கோபத்தில் நான் காரைப் பார்த்து நடந்துவிட்டேன்.

2 செப்டம்பர், திங்கள்

தொட்டி செத்துவிட்டது. இந்த முறை தானாகத் தேறாது.

இருசப்பன் அண்ணன் வேலைக்கு வரவில்லை. விஜேந்திரனிடம் நடந்ததைச் சொன்னேன். "உங்க ஆளே ஊத்துனானா? வேலைய விட்டு நிப்பாட்டிருங்க" என்றார். நேற்றாக இருந்தால் சரி என்றிருப்பேன். இன்று, "பார்க்கலாம் சார்" என்றேன்.

அவரை எப்படித் திட்டுவது? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுத்தது என்ன? கையுறை போடு, கிருமி இருக்கு. கை கழுவு, கிருமி இருக்கு. பூட்ஸை மருந்துத் தண்ணீரில் நனை, கிருமி இருக்கு. கிருமிதான் எதிரி என்று அத்தனை தடவை சொன்னோம், அவரும் நம்பினார். தொட்டிக்குள் நமக்காக வேலை பார்ப்பதும் அதே கிருமிதான் என்று யார் சொன்னோம்?

4 செப்டம்பர், புதன்

லயத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டார்.

"ஏன் அண்ணே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நல்ல காரியம்தானே மேடம். செஞ்சதச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு இருந்தேன்." செயினில் இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, "என்னால லயத்துல எல்லாருக்கும் வீடு போச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"இன்னும் போகல. வாங்க."

"நான் வரல."

"போயிட்டு வாங்களேன். கூப்பிட வந்தவங்களத் திருப்பி அனுப்புறதா?" என்றார் மனைவி. இருசப்பன் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

புஞ்சாக் ஆலாம் பக்கம் நன்றாக ஓடுகிற ஒரு நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு சொட்டுச் சேறு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. காம்பில் நிற்கிற மணி போல ஓர் உயிர் உண்டு, வாயைத் திறந்து திறந்து மூடும். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னுது மேடம்" என்றார்.

பிறகு எங்கள் தொட்டிச் சேற்றை வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. அவர் உடனே நிமிர்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

6 செப்டம்பர், வெள்ளி

அதே நிலையத்திலிருந்து இரண்டு டேங்கர் லோரி நிறைய உயிருள்ள சேறு வந்தது. விஜேந்திரன்தான் பேசி ஏற்பாடு செய்தார். ஏசி அறை என்று இனிக் கிண்டல் செய்யக்கூடாது. (செய்வேன்.)

சேறு தொட்டியில் இறங்குவதைப் பார்க்க ஹஸீனா அக்கா வந்தார், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு. அடுத்தவர் சேற்றை எதற்கு வாங்கி ஊற்றுகிறாய் என்று கேட்டார்.

"தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான் அக்கா. இது பெருகித் தொட்டி பூரா ஆயிரும்."

"அப்ப நாங்க ஒறைஞ்ச தயிருல குளோரக்ஸ ஊத்தியிருக்கோம்" என்றார். பிறகு போனை எடுத்து அங்கேயே நின்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். "எல்லாரும் கேளுங்க. இனிமே எவனாச்சும் மேன்ஹோல்ல மருந்து ஊத்துனா, என் கடையில அவனுக்குச் சோறு கெடையாது."

எந்த அரசாங்க அறிவிப்புக்கும் இந்தப் பலம் கிடையாது.

9 செப்டம்பர், திங்கள்

நுரை இல்லை.

16 செப்டம்பர், மலேசியா தினம்

விடுமுறை. ஆனாலும் ஹஸீனா அக்கா சங்கத்தாரைத் திரட்டிக்கொண்டு நிலையத்தைப் பார்க்க வந்துவிட்டார். சுற்றிக் காட்டியது நான் அல்ல, இருசப்பன் அண்ணன். புளோவரை "நுரையீரல்" என்றார். சரி, பரவாயில்லை. பம்பைக் "கல்லீரல்" என்றபோது திருத்தப் போனேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டேன்.

தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்தால் சேறு கட்டி கட்டியாகக் கீழே இறங்குகிறது. மேலே நிற்கிற தண்ணீர் வழியாகப் பின்னால் இருக்கிறவர் முகம் தெரிகிறது.

24 செப்டம்பர், செவ்வாய்

முதல் மாதிரி அனுப்பினேன். முடிவு வரும்வரை யாரும் என்னிடம் பேசாமல் இருப்பது நல்லது.

27 செப்டம்பர்

தேறியது!

4 அக்டோபர்

இரண்டாவதும்.

7 அக்டோபர், திங்கள்

நாளை மூன்றாவது மாதிரி. இன்று மாலை பார்த்தா இப்படிக் கொட்ட வேண்டும்?

வானம் கிழிந்த மாதிரி மழை. கழிவுக் குழாயில் மழைத் தண்ணீர் கலக்கக்கூடாது, அதற்கு வேறு வடிகால் இருக்கிறது. ஆனால் தெருவில் தண்ணீர் தேங்கினால் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை மேன்ஹோலைத் திறந்துவிடுவது. தெரு வடிந்துவிடும். தெருவின் வெள்ளம் முழுக்க எங்கள் தொட்டிக்கு வந்து, மாதக் கணக்கில் வளர்க்க வேண்டிய சேற்றை ஒரே மணி நேரத்தில் பரிட்டுக்கு அடித்துப்போகும்.

தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. "மேடம், காத்த நிறுத்துவோம். அசையாம இருந்தா எல்லாம் கீழ போயி உக்காந்துக்கும்ல?" என்றார் இருசப்பன் அண்ணன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஸ்விட்சில் கை வைக்கப் பயம். ரொம்ப நேரம் நிறுத்தினால் உள்ளே இருக்கிற உயிர்களுக்கு மூச்சுத் திணறும். நிறுத்தினோம். சேறு மெல்ல அடியில் இறங்கியது.

ஹஸீனா அக்காவுக்குப் போன் செய்து, யாரும் மேன்ஹோலைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "ஏற்கெனவே ஒருத்தன் தொறக்கப் போனான். அது மேலயே நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன்" என்றார். மழையிலா? "குட இருக்கு லா." மற்ற மூடிகளின் மேலும் ஆள் நிறுத்தியிருக்கிறாராம். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான்.

மட்டம் ஏறுவது நின்றது. மழை விட்டதும் காற்றைத் திறந்தோம்.

8 அக்டோபர்

மாதிரி அனுப்பியாகிவிட்டது. என் கண்ணுக்கு லேசாகக் கலங்கல்.

11 அக்டோபர், வெள்ளி

மயிரிழையில். ஆனால் தேறியது. மூன்றும்!

இருசப்பன் அண்ணனிடம் சொன்னதும், "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியின் மறுபக்கம் போய்விட்டார். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எத்தனை குடும்பத்துக்கு வீடு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அடுத்த கல்யாண வீட்டில நான் கக்கூஸ் வேலை எண்டே சொல்லுறன்" என்றார்.

26 அக்டோபர், சனி

சாவி கொடுத்தார்கள். ஹஸீனா அக்கா கடையிலிருந்து பிரியாணி. யாரோ பேசினார்கள், நான் கேட்கவில்லை. இருசப்பன் அண்ணனின் மனைவி சாவி வாங்கியதும் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. நேரே வீட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

17 நவம்பர், ஞாயிறு

புது வீடுகளின் குழாய்களைப் பார்த்து வரப் போனேன். எல்லா வீட்டுக் கழிவும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இருசப்பன் அண்ணன் வீட்டு வாசலில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு ரம்புத்தான் கன்று, குழாய் போகிற கோட்டுக்கு நேர் மேலே.

"அண்ணே! வேர் தண்ணியத் தேடிக் குழாய்க்குள்ள பூந்துரும்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும் மேடம். வாசலுக்கு நேரா இருந்தா அழகா இருக்குமேன்னு..."

"வேலி ஓரமா வைங்கன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல்.

வெயிலில் நின்று வாக்குவாதம் செய்வதில் அர்த்தமில்லை என்று மண்வெட்டியை வாங்கினேன். வேரைச் சுற்றி மண்ணோடு தூக்கி, வேலி ஓரம் வேறு குழி வெட்டினோம். விரல் கனம்கூட இல்லை கன்று.

"இது எப்ப காய்க்கும்?" என்று கேட்டேன்.

"ஆறேழு வருசம் ஆகும்."

"அவ்வளவு நாளா? ஒட்டுக் கன்னு வாங்கியிருக்கலாம்ல?"

"ஆகட்டுமே மேடம்" என்றார், மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே. "லயத்துல மொளகாச் செடிக்கு மேல எதுவும் வச்சதில்ல. எப்பக் காலி பண்ணச் சொல்லுவானோன்னு இருக்கும். இங்க என்ன அவசரம்?"

ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம்.